வேன் வீடாகலாம், வினையாகக் கூடாது!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

இந்தக் காலத்தில் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். "வேனை வீடாக்கிப் பார்!" என்பதே அது.

சரக்கு ஏற்றும் வேன் ஒன்றை வாங்குகிறார்கள். உள்ளே பலகை அடிக்கிறார்கள். மெத்தை போடுகிறார்கள். விளக்கு, விசிறி, தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு எல்லாம் வைக்கிறார்கள். கதவைச் சாத்தினால் வீடு. சாவியைத் திருகினால் வண்டி. பெண்டு பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய் வருகிறார்கள்.

"கேரவன்" என்ற சொல் தமிழ் மக்களுக்குத் தெரியாத சொல் அல்ல. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே ஓய்வு எடுக்கும் வண்டி என்று எல்லோரும் அறிவார்கள். ஆந்திராவில் 1982-ம் ஆண்டில் என்.டி.ராமராவ் கட்சி தொடங்கியபோது, பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி அமைத்து, அதற்குச் "சைதன்ய ரதம்" என்று பெயர் சூட்டி, ஊர் ஊராகச் சென்றார். வண்டியே அவருக்கு மேடை. வண்டியே அவருக்கு வீடு. 1983-ல் அவர் முதல்-மந்திரி ஆனார்.

நட்சத்திரங்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டும் இருந்த வசதி, இப்போது சாதாரணக் குடும்பங்களின் ஆசையாகவும் ஆகியிருக்கிறது. புதுவைக் கடற்கரைப் பக்கம் விடுமுறை நாளில் வரும் வண்டிகளைப் பார்த்தாலே இது புரியும்.

இந்த ஆசை தவறா?

தவறே இல்லை. நாலு ஊரைப் பார்ப்பதும், நாலு மனிதரோடு பழகுவதும் நல்லதுதான். ஆனால் ஆசைக்கு முன்னால் அறிவு நடக்க வேண்டும். வேனுக்குள் கட்டில் போடுவது சுலபம். அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் காலையில் சுகமாக எழுந்திருப்பதுதான் முக்கியம்.

புது வண்டி, பழைய வழக்கம்

வண்டியை வீடாக்கிக் கொள்வது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல.

தமிழ்நாட்டுக் கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்புவார்கள். அதன் மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் சாய்ந்து கொள்ளத் திண்டு. குழந்தைக்குத் தூளி. புளியோதரையும் தயிர்ச் சோறுமாகக் கட்டுச்சோறு. வண்டியின் அடியில் தொங்கும் வாளி. குலதெய்வம் கோயிலுக்கும், திருவிழாவுக்கும் குடும்பம் முழுவதும் அதில்தான் போகும். இரவு வந்தால் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியிலும் வண்டியின் நிழலிலும் படுத்து உறங்குவார்கள்.

போகிற வழியில் அவர்களுக்கு ஆதரவாக இருந்தவை சத்திரங்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் சாலை ஓரங்களில் பல சத்திரங்களைக் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர் பெற்றது. வழிப்போக்கனுக்குச் சோறும் இடமும் கிடைத்தன. குளிக்கக் குளம் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் இருந்தது.

வண்டி மட்டும் இருந்தால் பிரயாணம் நடக்காது. வண்டி நிற்கும் இடமும் வேண்டும். இதை முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். இன்று புது வண்டி வந்து விட்டது. சத்திரம் வரவில்லை!

புதுவைக்குப் பொருத்தமானது

இந்த வகைப் பிரயாணம் புதுவை மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும். காரணம் இருக்கிறது.

புதுச்சேரி மாநிலம் ஒரே இடத்தில் இல்லை. நான்கு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோ மீட்டர் தொலைவில் காரைக்கால். கேரளக் கரையில் 600 கிலோ மீட்டருக்கு அப்பால் மாஹே. ஆந்திராவில் கோதாவரி ஓரத்தில், 800 கிலோ மீட்டருக்கு அப்பால் ஏனாம். வண்டி எண்ணிலும் இது தெரியும். புதுச்சேரிக்கு 01, காரைக்காலுக்கு 02, மாஹேக்கு 03, ஏனாமுக்கு 04.

சொந்த மாநிலத்தை முழுவதும் பார்க்க வேண்டும் என்றால், ஒரு புதுவைக் குடும்பம் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களையும் கடந்தாக வேண்டும். இந்த நான்கு ஊர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டினால், தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று மொழிகளையும் அவர்கள் காதால் கேட்பார்கள். புத்தகத்தில் படிப்பதைவிட இது மனதில் பதியும்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் இந்த எல்லைகளைக் கடப்பது லேசாக இல்லை. சுங்கச் சோதனை இருந்தது. மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைந்தது. இன்று எந்த எல்லையிலும் மூட்டையை அவிழ்க்க வேண்டியது இல்லை. சாலை திறந்து கிடக்கிறது.

வெகு தூரத்திலிருந்து வண்டிகளிலேயே வந்தவர்களையும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, 1969-ல், பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் மோட்டார் வண்டிகளில் தரை வழியாகவே ஆரோவில் வந்து சேர்ந்தது. விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. வாரக் கணக்கில் வண்டிகளே அவர்களுக்கு வீடு.

வாரத்தில் ஆறு நாள் சரக்கு. ஏழாம் நாள் குடும்பம்

சரக்கு வேனை வீடாக்கும் பழக்கம் ஜெர்மனியில் வளர்ந்த கதையும் அறிந்து கொள்ள வேண்டியதே.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஜெர்மனி இடிந்து கிடந்த நேரம். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947-ம் ஆண்டில் ஒரு சின்னக் குறிப்பு நோட்டில் வேன் ஒன்றைக் கோடு போட்டுக் காட்டினார். பெட்டி போன்ற உடல். முன்னால் டிரைவர். பின்னால் என்ஜின். நடுவே சரக்கு. 1950-ம் ஆண்டில் வோக்ஸ்வாகன் கம்பெனி அந்த வேனைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

அப்போது ஜெர்மனியில் ஒரு சிறு வியாபாரிக்கு இரண்டு வண்டி வாங்க வசதி இல்லை. கடைக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்துக் கொள்ள முடியாது. 1951-ம் ஆண்டில் வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி ஒரு யோசனை செய்தது. கட்டில், அலமாரி எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியைச் செய்தது. சனிக்கிழமை அந்தப் பெட்டியை வேனுக்குள் வைத்தால் வீடு. திங்கட்கிழமை வெளியே எடுத்தால் சரக்கு வேன்!

வண்டியின் உடலை அறுக்காமல், கழற்றி மாட்டும் சாமான்களை வைத்தே காரியத்தை முடித்தார்கள். அந்தப் புத்திசாலித்தனம் இன்றும், இங்கும் உதவும். எப்படி என்பதைச் சட்டத்தைப் பார்த்தால் தெரிந்து கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் வண்டி, என் பணம். நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்று பலர் பேசுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் பொய்யாகும்படி, சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் கருத்து. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது.

அதே 2019-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை. அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். அல்லது இரண்டும் உண்டு.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது.

குடியிருக்கும் வசதி உள்ள வண்டிகளுக்கு என்று தனி விதிமுறை இந்தியாவில் உண்டு. சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற அமைப்பில், அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கூண்டு கட்டி, அந்த வகையிலேயே பதிவு செய்து கொள்ளலாம். வாகனங்களைச் சோதிக்கும் பெரிய நிலையம் ஒன்று புனாவில் இருக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஒன்று இருக்கிறது. கூண்டு கட்டும் தொழிலுக்குக் கரூரும் நாமக்கல்லும் பேர் போனவை. ஆகவே, வழி தூரத்தில் இல்லை. செலவுதான் அதிகம்.

செலவு செய்ய முடியாத குடும்பத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஆள் போகும் வேனாகவே பதிவான வண்டியை வாங்க வேண்டும். இருக்கைகளையும், பெல்ட்டுகளையும், ஜன்னல்களையும் தொடக் கூடாது. கூரையை அறுக்கக் கூடாது. பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், மடக்கி வைக்கும் கட்டில் பலகையும், கழற்றி எடுக்கும் பெட்டியும் வைத்துக் கொள்ளலாம். ஜெர்மனி வியாபாரி செய்த தந்திரம் இதுதான். அப்போதும், வேலையை ஆரம்பிக்கும் முன்பு போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது. பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது, அண்ணே" என்பார். அபராதம் கட்டப் போகிறவர் அவர் அல்ல!

சரக்கு வண்டியாகப் பதிவான வேனில் குடும்பத்தை ஏற்றிக் கொண்டு போவது அடியோடு தவறு. "குட்டி யானை" என்று மக்கள் செல்லமாக அழைக்கும் வண்டியில், குலதெய்வம் கோயிலுக்கும் காதணி விழாவுக்கும் முப்பது பேர் நின்று கொண்டு போவதை இன்றும் பார்க்கலாம். வண்டி வளைவில் சாய்ந்தால், பிடித்துக் கொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த வண்டி சரக்குக்காகவே செய்யப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை பேர்தான் அதில் போகலாம்.

இன்னும் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: வண்டியில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு நஷ்ட ஈடு கேட்கும்போது சிக்கல் வரும்.

இரண்டு: வெளி மாநிலத்தில் பழைய வண்டி வாங்கிப் புதுவையில் வைத்துக் கொண்டால், 12 மாதத்துக்கு மேல் பழைய எண்ணிலேயே ஓட்டக் கூடாது. இங்கே பதிவை மாற்றிக் கொள்ள வேண்டும்.

மூன்று: சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. "சும்மா நிற்கிறதே, நாலு காசு வரட்டும்" என்று விட்டால், அது வேறு குற்றமாகிவிடும்.

வடகராவில் நடந்தது

சட்டத்தை மீறினால் அபராதம். அறிவை மீறினால் உயிர்.

மாஹேக்கு அருகில் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள ஊர் வடகரா. 2024 டிசம்பர் 23-ந் தேதி, அங்கே சாலை ஓரத்தில் ஒரு கேரவன் வண்டி நின்று கொண்டிருந்தது. வெகு நேரமாகியும் யாரும் இறங்கவில்லை. சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். அவர்கள் அந்த வண்டியிலேயே வேலை பார்த்தவர்கள்.

காயம் இல்லை. அடிதடி இல்லை. திருட்டும் இல்லை. பின்னே எப்படி இறந்தார்கள்?

கோழிக்கோட்டில் உள்ள தேசிய தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்தது தெரிய வந்தது. அந்தப் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவே இருவர் உயிரையும் குடித்துவிட்டது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ரத்தம் பிராண வாயுவைச் சுமந்து செல்வது எல்லோருக்கும் தெரியும். இந்த விஷ வாயு பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக் கொள்ளும். பிராண வாயுவுக்கு இடம் கிடைக்காது. முதலில் தலை வலிக்கும். மயக்கம் வரும். வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கமே முடிவாகிவிடும்.

பெட்ரோல், டீசல், விறகு, கரி, காஸ் எது எரிந்தாலும் காற்றோட்டம் இல்லாத இடத்தில் இந்த விஷம் உண்டாகும். ஆகவே, குளிருக்காக என்ஜினை ஓட விட்டுக் கொண்டு வண்டிக்குள் தூங்கக் கூடாது. ஜெனரேட்டரை வண்டிக்குள்ளும், வண்டியின் அடியிலும் வைக்கக் கூடாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள், குளிர் காயக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது.

இந்த வாயு வந்தால் மணி அடித்து எச்சரிக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆள் தூங்கும் வண்டியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். மெத்தை வாங்கும் முன்பு இதை வாங்க வேண்டும்!

அடுப்பும் நெருப்பும்

2023 ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலையில் மதுரை ரெயில் நிலையத்தின் அருகே நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்களின் பெட்டி அங்கே நின்று கொண்டிருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே காஸ் சிலிண்டர் கொண்டு வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டியபோது தீப்பிடித்தது. புண்ணியம் தேடி வந்தவர்கள் பலர் உயிர் இழந்தார்கள்.

ரெயில் பெட்டிக்கு நேர்ந்தது வேனுக்கும் நேரும். வேன் அதைவிடச் சிறியது. கதவும் குறைவு.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கி நிற்கும். கட்டிலுக்கு அடியில் பதுங்கி இருக்கும். ஒரு தீப்பொறி போதும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த வாயுவில் துர்நாற்றம் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடக் கூடாது. கதவைத் திறந்து எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

நல்ல வழி எது? சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக் கொள்வதுதான். கூண்டு வண்டியில் போன பாட்டி வண்டிக்குள்ளா சமைத்தாள்? மரத்தடியில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். அந்த முறையே இன்றும் சிறந்தது. வீட்டிலிருந்து பெரிய சிலிண்டரைத் தூக்கிக் கொண்டு போகக் கூடாது. ஒரு தீயணைப்புக் கருவி கதவின் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆள் இறங்க இரண்டு வழி இருக்க வேண்டும். ஒன்று தடைப்பட்டால் மற்றொன்று உதவும்.

கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு." வேன் விஷயத்தில் இது எடைக்கும் பொருந்தும், மின்சாரத்துக்கும் பொருந்தும்.

முதலில் எடை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்: 220 கிலோ. தண்ணீர் 40 லிட்டர்: 40 கிலோ. பலகைக் கட்டிலும் அலமாரியும்: 70 கிலோ. மெத்தை, துணிமணி: 40 கிலோ. பாட்டரி: 30 கிலோ. அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு: 30 கிலோ. மொத்தம் 430 கிலோ. கண்ணுக்குச் சின்னச் சின்னச் சாமான்தான். கூட்டினால் நான்கு மூட்டை அரிசிக்கு மேல் ஆகிவிட்டது! வண்டி எவ்வளவு தாங்கும் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

கனமான சாமானைக் கீழேயும் நடுவிலும் வைக்க வேண்டும். கூரை மேல் கனம் ஏற்றினால் வளைவில் வண்டி ஆடும். எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் தண்ணீர்க் கேன் நிற்காது. நான்கு மாடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன வேகம் இருக்குமோ, அந்த வேகத்தில் முன்னால் இருப்பவர் தலையில் வந்து விழும்.

வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது. குழந்தைகள் மெத்தையில் விளையாடிக் கொண்டு வருவது பார்க்க அழகு. பிரேக் போடும்போது அது ஆபத்து. எல்லோரும் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக் கொள்ள வேண்டும். பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர் பாட்டரியில் 1,200 யூனிட் சக்தி இருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். இங்கே யூனிட் என்பது ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஆகும் சக்தி. வீட்டு மின்சார பில்லில் வரும் யூனிட் இதைப் போல ஆயிரம் மடங்கு பெரியது. சாதாரணப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே 600 யூனிட்டே கையில் இருப்பதாக எண்ண வேண்டும்.

15 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 120. 5 வாட் விளக்கு இரண்டு, 4 மணி நேரம் எரிந்தால் 40. நான்கு செல்போன்களுக்குச் சார்ஜ் 60. ஒரு இரவுச் செலவு 220. இரண்டு இரவு தாராளமாகப் போகும். மூன்றாம் இரவுக்குப் பற்றாது. ஒரு சிறிய சூரியத் தகடு இருந்தால் பகலில் செலவை ஈடு கட்டிவிடலாம்.

ஆனால் 1,000 வாட் இழுக்கும் குளிர்சாதனத்தைப் போட்டால்? அந்த 600 யூனிட்டும் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் ஜெனரேட்டரைத் தேடுகிறார்கள். ஜெனரேட்டர் வந்தால் புகை வருகிறது. புகை வந்தால் வடகரா வருகிறது.

புதுவையின் புழுக்கத்துக்குக் குளிர்சாதனம் இல்லாமல் முடியாதா? முடியும். கீழே ஒரு காற்று வழி. மேலே ஒரு காற்று வழி. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே போய்விடும். இரண்டுக்கும் கொசு வலை. ஒரு சின்ன விசிறி. நிழலில் நிறுத்திய வெள்ளை நிற வண்டி. இவ்வளவு இருந்தால் போதும். வெயிலில் நிறுத்திய மூடிய வண்டியில் பத்தே நிமிஷத்தில் சூடு 10 டிகிரி ஏறும். "ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது.

இரவில் எங்கே நிறுத்துவது?

வண்டி நன்றாக அமைந்துவிட்டது. சட்டமும் சரியாகிவிட்டது. இரவு வந்துவிட்டது. எங்கே நிறுத்துவது?

புதுவைக் கடற்கரைச் சாலையில் நிறுத்த முடியாது. மாலை 6 மணி முதல் காலை 7-30 மணி வரை அங்கே வண்டிகளுக்கு இடம் இல்லை. நடந்து போகிறவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே வெளியூர் வண்டிகள் சந்திலும் பொந்திலும் நிற்கின்றன. குடியிருப்பவர்கள் வாசலில் நிற்கின்றன. அழுக்குத் தண்ணீர் தெருவில் ஓடுகிறது. கழிவறை இல்லை. இதனால் அதிகம் கஷ்டப்படுவது யார்? ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். வண்டியில் வந்த பெண்களும் வயதானவர்களும் மறு பக்கம். ஆண்கள் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். பெண்கள் பெட்ரோல் பங்கைத் தேடிக் கொண்டு அலைகிறார்கள்.

கேரள அரசாங்கம் 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்தது. 2022-ல் வாகமண் மலையில் இத்தகைய வண்டிகள் நிற்பதற்கென்றே ஓர் இடம் திறக்கப்பட்டது. மராட்டிய அரசாங்கமும் 2021-ல் இதற்கு ஒரு கொள்கை வகுத்தது.

புதுவைக்கு இது கடினமான காரியம் அல்ல. பெரிய மாளிகை கட்டச் சொல்லவில்லை. வேலி போட்ட ஒரு திடல். நாலு மரம். குடிதண்ணீர்க் குழாய். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித் தனிக் கழிவறை. அழுக்குத் தண்ணீர் கொட்ட ஒரு தொட்டி. குப்பைத் தொட்டி. இரவுக் காவலர் ஒருவர். ஒரு இரவுக்கு நியாயமான கட்டணம். புதுச்சேரி நகருக்கு வெளியே ஒன்று, காரைக்காலில் ஒன்று என்று தொடங்கினால் போதும்.

இந்தத் திடல் கேரவன்காரர்களுக்கு மட்டும் உதவாது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி காண வரும் கிராமத்து ஜனங்களுக்கும், ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு வரும் குடும்பங்களுக்கும் அது உதவும். லாரி ஓட்டிக் களைத்து வரும் டிரைவருக்கும் கண் அயர இடம் கிடைக்கும். பழைய சத்திரத்தின் தர்மம் புது உருவில் திரும்பி வரும்.

இன்னொன்றும் செய்யலாம். வேனை மாற்றி அமைக்க என்ன அனுமதி வேண்டும், எங்கே மனு கொடுக்க வேண்டும், எது கூடும், எது கூடாது என்பதை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, போக்குவரத்து அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம். சட்டம் தெரியாததால் தவறு செய்கிறவர்களே அதிகம். தெரிய வைத்தால் பாதிப் பேர் திருந்திவிடுவார்கள்.

குடும்பத் தலைவர்கள் யோசிக்க வேண்டியது

வேன் வாங்கும் முன்பு குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும்.

வருஷத்தில் எத்தனை நாள் பிரயாணம் போகப் போகிறோம்? பத்து நாள் என்றால், மீதி 355 நாள் வண்டி சும்மா நிற்கும். நிற்கிற வண்டிக்கும் வரி உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. புதுவையின் உப்புக் காற்றில் இரும்பு துருப் பிடிக்கும். கடன் வாங்கி இந்த வண்டியைக் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. இருக்கிற வண்டியில், கழற்றி மாட்டும் சாமான்களோடு, முதலில் ஒரு இரவு செஞ்சிக் கோட்டைப் பக்கம் போய் வந்து பார்க்கலாம். பிடித்தால் மேலே யோசிக்கலாம். பிடிக்காவிட்டால் பலகை மட்டும்தான் நஷ்டம்.

டிரைவரின் தூக்கமும் கணக்கில் சேர வேண்டும். "வண்டியிலேயே படுக்கை இருக்கிறதே" என்று இரவெல்லாம் ஓட்டுவது பேதைமை. படுக்கை இருப்பது நின்று படுப்பதற்காகவே. இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். இருட்டும் முன்பு நிற்கும் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

உலகம் பெரியது. புதுவையிலிருந்து புறப்படும் சாலைகள் நாலா பக்கமும் போகின்றன. பிள்ளைகளுக்குச் செஞ்சியின் மலைக் கோட்டையையும், பிச்சாவரத்தின் நீர்க் காட்டையும், கோதாவரியின் அகலத்தையும், மாஹேயின் ஆற்று முகத்தையும் காட்ட ஆசைப்படும் தகப்பனாரைப் பாராட்ட வேண்டும். அந்த ஆசை நிறைவேற, அரசாங்கம் இடம் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் சட்டப்படி வேலை செய்ய வேண்டும். குடும்பத்தார் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

காற்று வழி இல்லாத வண்டியில் உறக்கம் இல்லை. கட்டாத சாமானோடு ஓட்டம் இல்லை. அனுமதி இல்லாமல் மாற்றம் இல்லை. இந்த மூன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் மனதில் எழுதி வைத்துக் கொள்ளட்டும்.

போகும்போது எத்தனை பேர் ஏறினார்களோ, திரும்பி வரும்போது அத்தனை பேரும் சிரித்துக் கொண்டு இறங்க வேண்டும். நல்ல பிரயாணத்துக்கு அதைவிட வேறு அடையாளம் இல்லை!